தொலைந்த கார்டுக்கு வீட்டிலேயே ஒரு மாற்று

போர்டு கேமில் ஒரு கார்டு தொலைந்துவிட்டதா? கெட்டி அட்டையைத் தேடி அலைய வேண்டாம். சாதாரண ஏ4 தாளில் அச்சிட்டு, பழைய சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பின்னால் வைத்து, இரண்டையும் சேர்த்து பிளாஸ்டிக் உறைக்குள் செருகிவிடுங்கள். விறைப்பைச் சீட்டு கொடுத்துவிடும்.

63 x 88 மி.மீ. கார்டு என்றால் ஒரு தாளில் ஒன்பது அடங்கும். அச்சிடும்போது அளவை 100 சதவீதத்திலேயே வையுங்கள். தாளுக்கேற்ப பிரிண்டர் சுருக்கிவிட்டால் கார்டு சின்னதாகி உறைக்குள் ஆடும். வெட்டுவதற்குக் கத்தரியைவிட ஸ்கேலும் பிளேடும்தான் சரி, ஓரம் நேராக வரும்.

அப்புறம், முதுகுப்பக்கம் ஒளி புகாத உறையாக வாங்கி, கட்டு முழுவதற்கும் போடுங்கள். புதுக் கார்டுக்கு மட்டும் உறை போட்டால், கலைத்துப் போட்டாலும் அது எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.