ஏற்காட்டுல பழைய சர்ச் பார்க்கப் போறீங்களா? முதல்ல அண்ணாந்து கூரையைப் பாருங்க

ஏற்காடு வர்றவங்க பழைய சர்ச் வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டு அப்படியே கிளம்பிடுறாங்க, மனசுக்குக் கஷ்டமா இருக்கு. நார்வேல உர்னெஸ்ல 12ஆம் நூற்றாண்டு சர்ச் ஒண்ணு இன்னிக்கும் நிக்குது, சுவர் தூண் எல்லாமே மரம். நம்ம பக்கம் கரையானுக்கு அது தாங்காது, கல்லு, செங்கல் சுவர் தான், மரவேலை பூரா கூரைலயும் கதவுலயும் இருக்கும், அதனால பார்க்க வேண்டியது அங்க.

ஞாயித்துக்கெழமை ஆராதனை முடியட்டும், சிஎஸ்ஐ-ன்னா ஐயர்கிட்ட (பாஸ்டரைத் தான் அப்படிச் சொல்வாங்க), ஆர்சி-ன்னா ஃபாதர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு உள்ள போங்க.

டார்ச் கண்டிப்பா வேணும். கதவோட உள்பக்கம், பெஞ்சுக்கு அடிப்பக்கம், இங்கெல்லாம் ஆசாரி இழைச்சிருக்க மாட்டாரு, வெளிச்சத்தை நேரா அடிக்காம மரத்தை ஒட்டினாப்ல சாய்ச்சு அடிச்சீங்கன்னா வரி வரியா தடம் தெரியும். வரி நேரா, ஒண்ணுக்கொண்ணு இடைவெளி கூடக்குறைய இருந்தா ரெண்டு பேர் மேலயும் கீழயும் நின்னு இழுத்த கைவாள். வில்லு மாதிரி வளைஞ்சிருந்தா மில்லுல வட்ட ரம்பத்துல அறுத்தது. சின்னச் சின்னக் குழியா வெட்டு இருந்தா வாச்சியால செதுக்கினது. ஆணியையும் பாருங்க, தலை கோணலா தண்டு சதுரமா இருந்தா பட்டறைல அடிச்சது. எனக்கு இதுல தான் உசுரு, அந்தக் கை அங்கயே இருக்குல்ல.

அப்புறம் ஓடு. பின்பக்கம் உடைஞ்சது கிடந்தா திருப்பிப் பாருங்க, கம்பெனி பேர் அச்சு இருக்கும். பாசல் மிஷன்ங்கிற சுவிஸ் மிஷனரி அமைப்பு மங்களூர்ல ஓட்டு ஃபேக்டரி போட்டது 1865ல, அதனால அவங்க ஓடுன்னா அந்தக் கூரை அதுக்கு அப்புறம் வேய்ஞ்சது. ஆனா சுவர் அதைவிடப் பழசா இருக்கலாம், கூரை மட்டும் மாத்தியிருப்பாங்க, அவசரப்பட்டு வயசு சொல்லிடாதீங்க.

கல்வெட்டு, பித்தளைத் தகடு எல்லாம் கடைசி தான், ஏன்னா தகட்டைக் கழட்டி வேற இடத்துல மாட்டிடலாம். 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துல தான் இந்த மலைல காபியே வருது, வெள்ளைக்காரங்க எஸ்டேட் போட்டு குடியேறினதெல்லாம் அதுக்கப்புறம், அதனால 1800லயே கட்டினதுன்னு யாராச்சும் சொன்னா ஆதாரம் கேளுங்க. சர்ச்ல பழைய ஞானஸ்நான ரிஜிஸ்டர் இருந்தா பார்க்க அனுமதி கேளுங்க. மெட்ராஸ் மாகாணத்து ரிஜிஸ்டர் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரிலயும் இருக்கு.

ஓட்டைப் பிரிச்சுட்டு ஷீட் போடப்போறோம்னு கமிட்டில பேச்சு வந்தா, பிரிக்கிறதுக்கு முன்னாடி விட்டம், கைமரம், மூட்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து, அச்சுள்ள ஓட்டுல ரெண்டை எடுத்து சர்ச்லயே வைக்கச் சொல்லுங்க.