டிஎன்எஸ்ல பழைய ஐபியே நிக்குதா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஆபீஸ் நெட்வொர்க்ல ஒரு லேப்டாப்போட ஐபி மாறிடுச்சு, ஆனா டிஎன்எஸ்ல (எந்த மெஷின் பேருக்கு எந்த ஐபின்னு சொல்ற லிஸ்ட்) பழைய ஐபிதான் இருக்குன்னா, நிறைய பேர் அந்த மெஷின்ல போய் என் ஐபிய டிஎன்எஸ்ல எழுதிக்கோன்னு சொல்ற ஐபிகான்ஃபிக் ரிஜிஸ்டர்டிஎன்எஸ் (ipconfig /registerdns) கமாண்டை திரும்பத் திரும்ப அடிப்பாங்க. எரர் வரலைன்னதும் ரிஜிஸ்டர் ஆயிடுச்சுன்னு நெனச்சுக்கறது. அது வேலைய ஆரம்பிச்சு மட்டும்தான் வைக்குது, தப்பு ஏதாச்சும் இருந்தா 15 நிமிஷத்துல ஈவென்ட் வியூவர்ல (விண்டோஸ் லாக் காட்டற இடம்) வரும்னு அந்த கமாண்டே சொல்லுது, யாருங்க படிக்கறா.

இதைவிட மோசம், டிஎன்எஸ் சர்வர்ல ஸோன் (ஒரு டொமைனோட ரெக்கார்டெல்லாம் இருக்கற பகுதி) செட்டிங்ஸ்ல செக்யூர் அப்டேட் (அடையாளத்தை நிரூபிச்சவங்க மட்டும் எழுதறது) மட்டும்னு இருக்கறதை மாத்தி நான்செக்யூரையும் அனுமதிச்சு விடறது. உடனே வேலை செய்யும்தான், ஆனா இனிமே நெட்வொர்க்குக்குள்ள இருக்கற யாரு வேணா உங்க ஃபைல் சர்வர் பேர் மேல தன்னோட ஐபிய எழுதிட்டுப் போகலாம்.

முதல்ல கேக்க வேண்டியது, இந்த ரெக்கார்டுக்கு ஓனர் யாரு? வழக்கமா விண்டோஸ் கிளையன்ட் ஏ ரெக்கார்டை (பேர்லருந்து ஐபி) தானே எழுதும், பிடிஆரை (ஐபிலருந்து பேர்) டிஹெச்சிபி சர்வர் (மெஷினுக்கு ஐபி கொடுக்கற சர்வர்) எழுதும். யாரோ டிஹெச்சிபில "எப்பவும் நானே அப்டேட் பண்றேன்"ங்கிற ஆப்ஷனைப் போட்டு, அது ஏ ரெக்கார்டையும் உருவாக்கிடுச்சுன்னா, அப்புறம் கிளையன்ட் எத்தனை தடவை கேட்டாலும் ரெஃப்யூஸ்டு, அதாவது மறுப்புதான். ஏடில (ஆக்டிவ் டைரக்டரி, ஆபீஸ் அக்கவுண்டெல்லாம் இருக்கற இடம்) கம்ப்யூட்டர் அக்கவுண்டை டிலீட் பண்ணிட்டு அதே பேர்ல மறுபடி ஜாயின் பண்ணாலும் இதே கதி, பேர் அதேதான் ஆனா எஸ்ஐடி (அக்கவுண்டோட உள் அடையாள எண்) புதுசு. ரெக்கார்டோட செக்யூரிட்டி டேப்ல பேருக்குப் பதிலா நீளமா ஒரு எஸ்ஐடி தெரிஞ்சா யோசிக்கவே வேணாம், அந்த ரெக்கார்டைத் தூக்கிட்டு புதுசா ரிஜிஸ்டர் பண்ணுங்க. ரெண்டு டிஹெச்சிபி சர்வர் இருந்தா ஒண்ணு எழுதினதை இன்னொண்ணு தொட முடியாது, அதுக்கு ரெண்டுலயும் டிஎன்எஸ் அப்டேட்டுக்குன்னே ஒரே சர்வீஸ் அக்கவுண்ட் கொடுங்க. அந்த சர்வர்களை டிஎன்எஸ்அப்டேட்பிராக்ஸி குரூப்ல போட்டு விடறது சுலபம்தான், ஆனா அதுல உருவாகற ரெக்கார்டுக்குப் பாதுகாப்பே இருக்காது.

நெட்வொர்க் பாக்கெட்டைக் காட்டற வயர்ஷார்க்ல ஆப்கோட் 5 (டிஎன்எஸ் அப்டேட்) ஃபில்டர் போட்டு பார்க்கறவங்க முதல் ரெஃப்யூஸ்டைப் பார்த்ததுமே பிரச்சனை கிடைச்சிடுச்சுன்னு நிறுத்திடாதீங்க. கிளையன்ட் முதல்ல நான்செக்யூரா முயற்சி பண்ணி திட்டு வாங்கிட்டு, அப்புறம்தான் டிகீ (TKEY, சர்வரோட ரகசியச் சாவி ஒத்துக்கற பேச்சு) பேசி கெர்பரோஸோட (ஏடில அடையாளம் நிரூபிக்கற முறை) செக்யூர் அப்டேட் அனுப்பும், அது நார்மல். அந்த ரெண்டாவது கட்டம் எங்க நிக்குதுன்னு பாருங்க. டிகீ பேச்சு பெரும்பாலும் டிசிபி போர்ட் 53ல போகும், ஃபயர்வால்ல யுடிபி மட்டும் திறந்திருந்தா லுக்அப் எல்லாம் ஜோரா நடக்கும், அப்டேட் மட்டும் செத்துக் கிடக்கும். கடிகாரம் 5 நிமிஷத்துக்கு மேல தள்ளிப் போயிருந்தா கெர்பரோஸே ஒத்துக்காது.

கிளையன்ட்ல ரெண்டாவது டிஎன்எஸ்ஸா 8.8.8.8 போடறதும் வேணாம். உள் டொமைனைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது, அப்டேட் யாருக்கு அனுப்பணும்னு கண்டுபிடிக்கற எஸ்ஓஏ (ஸோனோட முதன்மை சர்வர் எதுன்னு சொல்ற ரெக்கார்டு) கேள்விக்கே தப்பான பதில் வந்துடும்.

கடைசியா ஸ்கேவெஞ்சிங், அதாவது பழசாப் போன ரெக்கார்டைத் தானா துடைக்கறது. டிஃபால்ட்டா நோரிஃப்ரெஷ் (டைம்ஸ்டாம்பைப் புதுப்பிக்க விடாத காலம்) 7 நாள், ரிஃப்ரெஷ் (புதுப்பிக்க விடற காலம்) 7 நாள், இதுல வைஃபை லீஸை (ஐபி கொடுத்து வைக்கற நேரம்) 8 மணி நேரம்னு வச்சிருந்தா பழைய ரெக்கார்டு ரெண்டு வாரம் சும்மா கிடக்கும், ஒரே ஐபிக்கு நாலு மெஷின் பேர் நிக்கும். ஸ்கேவெஞ்சிங்கை ஸோன்லயும் சர்வர்லயும் ரெண்டு இடத்துலயும் ஆன் பண்ணணும், ஒண்ணுல மட்டும் பண்ணிட்டு வேலை செய்யலன்னு சொல்றவங்க ஜாஸ்தி. அவசரத்துல ஏஜ்ஆல்ரெக்கார்ட்ஸ் (எல்லா ரெக்கார்டுக்கும் டைம்ஸ்டாம்ப் போடற கமாண்ட்) மட்டும் அடிச்சுடாதீங்க, கையால போட்ட ஸ்டாட்டிக் ரெக்கார்டுக்கும் டைம்ஸ்டாம்ப் விழுந்து, பிரிண்டர், சர்வர் எல்லாம் அதோட சேர்ந்து காணாமப் போயிடும்.