கடலோரத்துப் பழைய வண்டிக்கு சைலன்சர் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் எந்த ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றாலும், மூலையில் துருப்பிடித்த சைலன்சர் இரண்டு மூன்று கிடக்கும். காலால் தட்டினால் அப்பளம்போல உதிரும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தவைத்த உப்புக்காற்று இது. நம்ம பொலேரோவும் ஸ்கார்ப்பியோவும் எம்மாத்திரம்?

ஆனால் பழியெல்லாம் காற்றின் மேல் போட முடியாது. பாதி நம் கைவேலை.

என்னுடையது 2008 பொலேரோ. ஒருநாள் திடீரென்று டிராக்டர் மாதிரிக் கத்த ஆரம்பித்தது. சைலன்சர்தான் போச்சு என்று நானே முடிவுகட்டி, புதுசு வாங்கி மாட்டினேன். சத்தம் ஒரு பொட்டுக் குறையவில்லை. கடைசியில் கீழக்கரையில் மெக்கானிக் காக்கா ஒருவர் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்), பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துவிட்டுச் சிரித்தார்: "தம்பி, சைலன்சர்ல ஒண்ணுமில்ல. மேனிஃபோல்டு கேஸ்கெட் ஊதுது. இந்தா பாருங்க, கரி." மேனிஃபோல்டு என்பது எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாய், கேஸ்கெட் அது எஞ்சினோடு சேரும் இடத்து அடைப்புத் தகடு. அதன் ஓரமாக மை தடவிய மாதிரிக் கறுப்புக் கோடு.

அதனால் காசை எடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் கனத்த ஈரத்துணியால் டெயில்பைப்பை, அதாவது புகை வெளியேறும் பின்குழாயை, சில விநாடி பொத்தட்டும். எங்கே கசிகிறதோ அங்கே 'புஸ்' என்று சத்தம் வரும். கரிக்கோடும் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது, துரு வெளியிலிருந்து மட்டும்தான் வருகிறது என்ற நினைப்பு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். நீண்ட ஓட்டத்தில் அது புகையோடு போய்விடும். வீட்டிலிருந்து மீன் இறங்குதளம், அங்கிருந்து ஐஸ் பிளான்ட், திரும்ப வீடு என்று இரண்டிரண்டு கிலோமீட்டராக ஓட்டினால் சைலன்சர் முழுசாகச் சூடேறாது. ஆவி உள்ளேயே தண்ணீராகித் தங்கும். டப்பாவின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்குமே, அந்தத் தண்ணீர் வடியத்தான் அது. "இங்க ஓட்டை விழுந்திருக்கு" என்று அதில் பற்றவைத்து அடைத்துவிடுகிற ஆட்கள் உண்டு. அடைக்கவிடாதீர்கள். வாரத்தில் ஒருநாளாவது அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். பின்னால் மீன்பெட்டி ஏற்றுகிறவர்கள் தரைப் பலகை ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் நேராக எக்ஸாஸ்ட் பைப் மேலேதான் சொட்டும்.

இனி உலோகம். 'அப்கிரேட்' என்றால் என்னைப் பொறுத்தவரை இது ஒன்றுதான். நம் பக்கம் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போட்டால் துருப்பிடிக்காது என்று பேச்சு. தண்ணீர்க் குழாய்க்குச் சரி, சைலன்சருக்குச் சரியில்லை. துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். பற்றவைக்கும் இடத்தில் பூச்சு எரிந்து போக, துரு அங்கிருந்தே தொடங்கும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்த வெல்டருக்கு ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும். அலுமினியம் பூசிய ஸ்டீல் பரவாயில்லை. கையில் காசு இருந்தால் ஸ்டெயின்லெஸ். அதிலும் ரகம் உண்டு. 409 என்ற ரகத்தில் குரோமியம் 11 சதவீதம் வாக்கில்தான். மேலே பழுப்பு படரும். 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8. கடைக்காரர் 304 என்று சொன்னால் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வையுங்கள். 409-இல் பச்சென்று ஒட்டும். 304-இல் ஒட்டாது, வளைத்த இடத்தில் லேசாக இழுத்தால் உண்டு.

சத்தத்துக்காக மாற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், கோபம் வேண்டாம். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) இல்லாத பழைய டீசல் வண்டியில் பெரிய பைப் போட்டால் மிஞ்சுவது சத்தம் மட்டும்தான். டர்போ உள்ளதில் வண்டி கொஞ்சம் இலகுவாக மூச்சுவிடும், அதைத் தாண்டி பிக்கப் பெரிதாக மாறாது. மத்திய மோட்டார் வாகன விதி 120 சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. மோட்டார் வாகனச் சட்டப்பிரிவு 190(2)-இன்படி ஒலி, புகை வரம்பை மீறினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் டப்பா) உள்ள வண்டியில் அதைக் கழற்றி எறிந்தால் புகைச் சான்றிதழுக்கு அலைய வேண்டிவரும். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம் இருப்பதால் கழற்றுகிறவருக்குத்தான் லாபம். எதைக் கழற்றினாலும் பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைவிட மோசம், டெயில்பைப்பைப் பாதியில் அறுத்துவிடுவது. பம்பரைத் தாண்டி வரவேண்டிய புகை வண்டிக்கு அடியிலேயே சுழலும். வலையை ஏற்றிக்கொண்டு பின்கதவைத் திறந்துபோட்டு ஓட்டினால் மொத்தமும் உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. முதலில் தலைவலிக்கும், தூக்கம் வரும். பின்சீட்டில் பிள்ளைகள் உட்காருகிற வண்டியில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

மாட்டும்போது நடப்பது இன்னொரு கதை. தொங்கவிடும் ரப்பர் அறுந்திருந்தால் கட்டுக்கம்பி போட்டு இறுக்குவார்கள், இல்லையென்றால் சேசிஸோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவார்கள். எஞ்சின் ஆடும், சைலன்சர் ஆட முடியாது. ஆறே மாதத்தில் முன்பக்க ஃபிளேன்ஜ், அதாவது குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு, விரிசல் விடும். என் வண்டியில் விட்டது. ரப்பர்களை மொத்தமாகப் புதுசு போடுங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின ராத்திரியே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிடுங்கள். அவசரப்பட்டு ஸ்பானரை முறுக்கினால் மேனிஃபோல்டு ஸ்டட் முறிந்து, அரைமணி வேலை இரண்டு நாளாகும். திரும்பப் பூட்டும்போது மரையில் காப்பர் கிரீஸ். வெல்டிங் உண்டென்றால் பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரின் டயோடு போய்விடும். டீசல் டேங்க் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று நீங்களும் ஒருமுறை குனிந்து பாருங்கள். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, எங்கும் இடிக்காமல் நேர்பார்த்து, எஞ்சின் பக்கமிருந்து பின்னோக்கி இறுக்க வேண்டும்.

வண்டியின் அடிப்பக்கத்தில் துருத்தடுப்புப் பூச்சு (அண்டர்கோட்டிங்) அடிக்கும்போது சைலன்சரைத் துணியால் மூடச் சொல்லுங்கள். கழிவு ஆயில் பூசுகிற பழக்கமும் அந்தப் பக்கம் போகக்கூடாது; சூட்டில் புகையும், தீயும் பிடிக்கும். பூசித்தான் ஆகவேண்டும் என்றால் 600 டிகிரி தாங்கும் பெயின்ட்.

மாட்டிய வாரமே தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ஒரு ஓட்டம் போய்வாருங்கள். வந்ததும் வண்டி நன்றாக ஆறட்டும். பிறகு நல்லதண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவி, ஹீட் ஷீல்டு (சூடு தடுக்கும் தகடு) மேல் தங்கிய மணலைத் தள்ளிவிட்டு, கிளாம்ப் போல்ட்டுகளை இன்னொரு சுற்று இறுக்குங்கள். ஒன்றிரண்டாவது கால் சுற்று உள்ளே போகும்.