வீடு கட்ட எத்தனை மாதம் ஆகும்? கணக்கு தப்புகிற இடங்கள்

வீடு கட்டுகிறேன் என்று சொன்ன மறு நொடியே எல்லோரும் கேட்பது "எப்போ முடியும்?" என்பதுதான். நான் பத்து மாதம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஆனது பதினேழு மாதம். கடைசியில், தெரிந்தவர் யாராவது எதிரே வந்தால் அந்தக் கேள்விக்குப் பயந்து தெருவின் மறுபக்கம் போக ஆரம்பித்துவிட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு டைரியை எடுத்து வைத்துக்கொண்டு, கூடுதலாகப் போன ஏழு மாதம் எங்கே போயின என்று பார்த்தேன். மழை, ஆள் வராதது, மணல் லாரி வராதது என்று அடுத்தவர் தலையில் போடக்கூடியதை எல்லாம் கூட்டினாலும் இரண்டு மாதத்தைத் தாண்டவில்லை. மீதி ஐந்து மாதமும் என் கணக்கில்தான். முடிவெடுக்காமல் விட்டது, ஆர்டர் கொடுக்கத் தாமதித்தது, போட்டதை உடைத்து மாற்றச் சொன்னது. ஆகவே இது மேஸ்திரிகளைத் திட்டுகிற கட்டுரை இல்லை, வீட்டுக்காரர் செய்கிற தவறுகளைப் பற்றியது.

முதலில் ஒரு உத்தேசக் கணக்கு. செங்கலும் கான்கிரீட்டுமாகக் கட்டுகிற, இரண்டு தளத்துக்கு மிகாத சாதாரண வீடு என்றால், வரைபடமும் அனுமதியும் கையில் இருக்கிற நாளிலிருந்து எட்டு மாதம் முதல் ஒரு வருடம் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. மரச்சட்டகத்தில் கட்டுவது, தொழிற்சாலையில் செய்த பாகங்களைக் கொண்டுவந்து பொருத்துவது என்றால் குறையும். இந்தக் கணக்கில் "அனுமதி கையில் இருக்கிற நாளிலிருந்து" என்பதைப் பலர் காதில் வாங்குவதே இல்லை. மண் பரிசோதனை, வரைபடம், அதில் நான்கு முறை திருத்தம், அனுமதி, தற்காலிக மின் இணைப்பு, கட்டுமானத்துக்குத் தண்ணீர் என்று மண்வெட்டி மண்ணில் படுவதற்கு முன்பே சில மாதங்கள் போய்விடும். அதேபோல "முடிந்தது" என்பதற்கும் ஆளுக்கு ஒரு அர்த்தம். கான்ட்ராக்டர் முடிந்தது என்றால் அவருடைய ஒப்பந்தத்தில் உள்ள வேலை முடிந்தது என்று பொருள். உங்களுக்கு முடிந்தது என்றால் சமையலறை அலமாரி, விளக்கு, நிரந்தர மின் இணைப்பு எல்லாம் இருந்து படுத்துத் தூங்க முடிய வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மாதம் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும். எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பதை எழுதிக்கொள்ளாமல் மாதக்கணக்கு பேசுவதே முதல் தவறு.

அடுத்தது, வேலை நடக்கிற நாளை மட்டும் எண்ணிவிட்டுக் காத்திருக்கிற நாளை விட்டுவிடுவது. எங்கள் வீட்டில் கூரைத் தளத்துக்குக் கான்கிரீட் போட்டது ஒரே நாள், காலை ஆறு மணிக்குத் தொடங்கி இருட்டுவதற்குள் முடிந்தது. ஆனால் அந்த ஒரு நாளுக்கு முன்னால் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்குகிற தற்காலிகப் பலகைகள்) அடிக்க, கம்பி கட்ட, மின்குழாய் பதிக்க இரண்டு வாரம், பின்னால் அதைக் கீழிருந்து தாங்கி நிற்கிற முட்டு பிரிக்கிற வரை இன்னும் இரண்டு வாரம்.

கான்கிரீட் காய்ந்து இறுகுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து நடக்கிற வேதிவினையால்தான் அது இறுகுகிறது, காயவிட்டால் அந்த வினை பாதியில் நின்றுபோகும். அதனால்தான் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குகிறோம். குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்ட் (நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்தது) அல்லது கடும் வெயில் என்றால் 10 முதல் 14 நாள். கான்கிரீட்டின் பலத்தை 28-ஆம் நாளில் சோதிப்பதுதான் வழக்கம், ஏழாம் நாளில் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். முட்டு பிரிப்பதற்கும் கணக்கு உண்டு: தாங்குசுவர்களுக்கு இடையே 4.5 மீட்டருக்குள் இருக்கிற தளம் என்றால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள், பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். இதெல்லாம் சாதாரண சிமென்ட்டுக்கு, குறைந்தபட்சம். குளிர் அதிகமான ஊரில் வேதிவினையே மெதுவாகும் என்பதால் இன்னும் கூடும், கடைசி வார்த்தை உங்கள் பொறியாளருடையது. "அடுத்த வீட்டுல அஞ்சு நாள்லயே பிரிச்சாங்க" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுச் சும்மா இருங்கள். இன்னொன்று, முதல் தளத்துக்கு மேல் அடுத்த தளம் போடும்போது மேல் தளத்தின் முழு பாரமும் முட்டுகள் வழியாகக் கீழ்த்தளத்தில்தான் இறங்குகிறது. கீழே அவசரப்பட்டால் மேலே போடும்போது தெரியும்.

சுவரும் அப்படித்தான். ஒரே நாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் எழுப்பக் கூடாது, அடியில் இருக்கிற ஈரக்கலவை மேல் பாரத்தில் பிதுங்கிவிடும். நாலு கொத்தனார் கூடுதலாக வந்தால் நீளவாக்கில் வேகமாகப் போகலாமே தவிர உயரவாக்கில் போக முடியாது.

பூச்சு முடிந்ததும் காத்திருப்பு தலைகீழாகிறது. அதுவரை ஈரமாக வைத்திருக்கப் பாடுபட்டீர்கள், இனி ஈரம் போவதற்குக் காத்திருக்க வேண்டும். சிமென்ட் பூச்சுக்குச் சில நாள் தண்ணீர் காட்டி, அப்புறம் ஏறக்குறைய நான்கு வாரம் காயவிட்டுத்தான் பெயின்ட் பக்கம் போக வேண்டும். உள்ளே ஈரம் இருக்கும்போதே பட்டி (சுவரை மழமழப்பாக்குகிற மாவு) பார்த்துப் பெயின்ட் அடித்தால் முதல் மாதம் கண்ணாடி மாதிரி இருக்கும், அப்புறம் கொப்புளம் வரும், உப்பு பூக்கும், செதில் செதிலாக உரியும். தரை இன்னும் மோசம். தரையைச் சமமாக்கப் போடுகிற மட்டக் கலவை நல்ல காற்றோட்டத்தில் நாளுக்கு 1 மில்லிமீட்டர் அளவுதான் காயும் என்பது தொழிலில் பழகிய கணக்கு, 40 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதைவிட மெதுவாகும். ஆக 50 மில்லிமீட்டர் கனம் போட்டிருந்தால் இரண்டு மாதம் வரை. டைல்ஸ் ஒட்டுவதென்றால் இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் மரத்தரை ஆசை இருந்தால் கட்டாயம் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகைகள் ஓரம் தூக்கிக்கொண்டு ஓடு மாதிரி வளையும்.

மூன்றாவது தவறு கண்ணால் பார்த்து ஏமாறுவது. அஸ்திவாரம், பேஸ்மென்ட், சுவர், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வருகிற உத்தரம்), தளம் என்று வாரத்துக்கு வாரம் வீடு வளர்வது தெரியும். நான்கு மாதத்தில் கூரை வந்துவிட்டது, இன்னும் இரண்டே மாதம் என்று நானும் குதித்தேன். கட்டடம் எழும்பியது பாதிக் கிணறுதான். அதற்குப் பிறகு வருகிற வேலை ஒவ்வொன்றும் சின்னது, ஆனால் ஆள் வேறு வேறு. மின்குழாய்க்குக் காடி வெட்டுபவர், தண்ணீர்க் குழாய்க்காரர், பூச்சு கொத்தனார், டைல்ஸ் ஒட்டுபவர், தச்சர், பெயின்டர் என்று ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் வர முடியும், ஒருவர் நான்கு நாள் தள்ளினால் அடுத்தவர் வேறு இடத்தில் வேலையை ஒத்துக்கொண்டு பத்து நாள் கழித்துத்தான் வருவார். இந்த இடைவெளியில் வீட்டில் எதுவுமே நடக்காது, காவலுக்கு நிற்பவர் மட்டும் இருப்பார்.

இனி என் சொந்தக் கதை. குளியலறையில் சுவருக்குள் பதிகிற ஷவர் குழாய் வேண்டும் என்று முடிவாகி இருந்தது, எந்த மாடல் என்பது முடிவாகவில்லை. "ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார், பாடியைப் பதிக்கணும்" என்று குழாய்க்காரர் மூன்று முறை கேட்டார். பாடி என்பது சுவருக்குள் மறைந்திருக்கிற பாகம். அப்புறம் பார்க்கலாம் என்றேன். அவர் தனக்குத் தெரிந்த ஒன்றைப் பதித்தார், பூச்சு வந்தது, நீர்க்கசிவு தடுப்புப் பூச்சு வந்தது, டைல்ஸும் வந்தது. அதற்குப் பிறகு என் மனைவிக்கு ஒரு மாடல் பிடித்துப்போனது. அதன் வெளிப்பாகம் உள்ளே பதித்ததோடு சேரவில்லை, வேறு பாடி, வேறு ஆழம். நாலு டைல்ஸை உடைத்துச் சுவரைக் கொத்தி, புதிதாகப் பதித்து, திரும்பப் பூசி, காயவிட்டு, நீர்க்கசிவு தடுப்பைத் திரும்ப அடித்து டைல்ஸ் ஒட்டப் போனால், அதே டைல்ஸ் வேறு பேட்ச், நிறம் ஒரு சொட்டு மாறியிருந்தது. அந்தச் சுவர் முழுவதையும் பெயர்த்தோம். ஒரே ஒரு குழாய், இருபத்து நான்கு நாள். அந்த இருபத்து நான்கு நாளும் மற்றக் குளியலறை வேலையும் சேர்ந்து நின்றது, ஏனென்றால் டைல்ஸ்காரர் ஒருவர்தான்.

இதிலிருந்து ஒன்று கற்றேன்: ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிகிற நாளுக்கும் அதைப்பற்றி முடிவெடுக்க வேண்டிய நாளுக்கும் சம்பந்தமே இல்லை. மின்விசிறி கடைசி வாரத்தில் மாட்டுவது, ஆனால் அது எங்கே தொங்கும் என்பது தளம் போடுவதற்கு முதல் நாளே முடிவாகி ஃபேன் பாக்ஸ் கம்பிக்கு நடுவே உட்கார்ந்திருக்க வேண்டும். சமையலறை அலமாரி கடைசியில் வருவது, ஆனால் அடுப்பும் சிங்க்கும் எங்கே என்பது சுவரில் காடி வெட்டும் முன் தெரிய வேண்டும். ஏசி எந்தச் சுவரில் என்பது தெரிந்தால்தான் அதன் தண்ணீர் வடிகுழாய் போக வழி விட முடியும். இதையெல்லாம் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இந்த வேலை தொடங்கும் முன்" என்று குறித்து வைத்தால் போதும். நான் அப்படிச் செய்யவில்லை.

ஆர்டர் கொடுப்பதும் இதே கதைதான். ஜன்னல், கதவு, மாடிப்படிக் கைப்பிடி போன்ற அளவெடுத்துச் செய்கிற பொருட்களுக்குப் பல வாரம் ஆகும். பூச்சு முழுதும் முடியட்டும், அப்புறம் அளவெடுக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் அந்த வாரங்கள் முழுக்கக் கட்டடம் திறந்து கிடக்கும். ஜன்னல் இல்லாமல் பட்டி பார்க்க முடியாது, அலமாரி வைக்க முடியாது. திறப்புகளின் அளவை முன்பே உறுதி செய்து, கொத்தனாரை அதே அளவுக்குக் கட்ட வைத்துவிட்டு, சுவர் எழும்பும்போதே மாடலும் நிறமும் முடிவாகி, பட்டறையில் உங்களுக்கு இடம் பிடித்து வைக்கலாம். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை நினைத்துப் பாருங்கள், 102 மாடி, 1930 மார்ச்சில் கட்டுமானம் தொடங்கி 1931 மே 1 அன்று திறந்துவிட்டார்கள். ஒரே நாளில் 3,400 பேருக்கு மேல்கூட வேலை செய்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் ஆள்பலம் மட்டும் அல்ல, எந்த இரும்புத்தூண் எந்த இடத்துக்கு என்று முன்பே எண் போட்டு, தேவைப்படும் நேரத்துக்கு வந்து சேரும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். நம் வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம், ஜன்னலாவது நேரத்துக்கு வரட்டும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. தேதி பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள், வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக் கொடுங்கள். செய்யாத வேலைக்கு முன்பணம் பெரிதாகப் போய்விட்டால் உங்கள் வீடு வரிசையில் கடைசிக்குப் போகும், இதுவும் அனுபவம்தான், யார் என்று சொல்லப் போவதில்லை. மறுபக்கமும் உண்டு: வங்கிக் கடனின் அடுத்த தவணை கைக்கு வருவதற்குள் கையிருப்பு தீர்ந்து வேலையை நிறுத்தினால், போன ஆட்களைத் திரும்பக் கூட்டிவருவது புதிதாக ஆள் தேடுவதைவிடக் கஷ்டம். மூன்று வாரம் பணத்துக்காக நின்றது, ஆளுக்காக இன்னும் மூன்று வாரம் நிற்கும்.

சரி, இதெல்லாம் தெரிந்திருந்தும் ஏன் எல்லோரும் குறைவாகவே சொல்கிறார்கள்? டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள், தமிழில் திட்டமிடல் மயக்கம் எனலாம். நம் வேலையை மட்டும் படிப்படியாகக் கற்பனை செய்து, எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்ற நினைப்பில் நாள் குறிக்கிறோம், அதே வேலைக்கு மற்றவர்களுக்கு எவ்வளவு ஆனது என்று பார்ப்பதில்லை. ஆகவே உங்கள் கான்ட்ராக்டரிடம் "என் வீடு எப்போ முடியும்?" என்று கேட்காதீர்கள். "கடைசியா நீங்க முடிச்ச மூணு வீடு, சொன்னது எத்தனை மாசம், ஆனது எத்தனை மாசம்?" என்று கேளுங்கள், முடிந்தால் அந்த வீட்டுக்காரர்களிடமே கேளுங்கள். அவர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள், அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, குடிபோகும் தேதியை முன்பே அறிவித்துவிடுவது. வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டால் அந்தத் தேதி உங்கள் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், ஈரச்சுவரில் பெயின்ட் ஏறுவது பெரும்பாலும் அந்தக் கடைசி மூன்று வாரத்தில்தான். பெயின்ட் முடிந்த பிறகும் இரண்டு வாரம் சும்மா விட்டு வையுங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள், குளியலறை வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிவிட்டுக் கீழ்த்தள மேற்கூரையைத் தடவிப் பாருங்கள், ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த இரண்டு வாரத்தை நான் விடவில்லை, கைப்பிடி ஆர்டரும் மறந்துபோய்க் கடைசியில்தான் கொடுத்தேன். அது வந்தது குடியேறி ஐந்தாவது வாரம். அதுவரை மாடிப்படியின் ஓரத்தில் கொத்தனார்கள் விட்டுப்போன சவுக்குக் கம்பு இரண்டை நட்டுக் கயிறு கட்டியிருந்தோம், வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள்.