வங்கி ஏலத்தில் வீடு வாங்குமுன்: அறிவிப்பில் எதைப் பார்ப்பது?

கடன் பாக்கிக்காக வங்கிகள் விற்கும் வீடு, மனைகள் இப்போது பெரும்பாலும் இணைய ஏலத்தில்தான் போகின்றன. பொதுத்துறை வங்கிகளின் சொத்துகளை பேங்க்நெட் தளத்தில் ஒரே இடத்தில் தேடலாம். விலை சந்தை விலையைவிடக் குறைவாகத் தெரிந்தால் அதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். முன்பணம் (ஈஎம்டி) கட்டுவதற்குள் அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.

அறிவிப்பைத் திறந்ததும் விலையைப் பார்க்காதீர்கள். சொத்து யார் கையில் இருக்கிறது என்ற வரியைத் தேடுங்கள். ‘பிசிக்கல்’ என்றிருந்தால் சாவி வங்கியிடம் இருக்கிறது. ‘சிம்பாலிக்’ என்றிருந்தால் வங்கி சுவரில் நோட்டீஸ் ஒட்டியதோடு சரி. உள்ளே கடன்காரரோ வாடகைதாரரோ குடியிருப்பார். அவர்களை வெளியேற்ற, பாக்கிக்காக அடமானச் சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 14-ஆவது பிரிவில் வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ உத்தரவு வாங்க வேண்டும். வழக்கு, தடை என்று அது எத்தனை மாதம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை உங்கள் பணம் முடங்கியிருக்கும். முதல்முறை ஏலம் எடுப்பவர்கள் சிம்பாலிக் சொத்துகளை ஒதுக்கிவிடுவதே நல்லது.

அடுத்தது சொத்து விவரம். சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, பரப்பளவு இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட வரைபடம் மூன்றோடும் வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். வில்லங்கம் பதிவுத்துறைத் தளத்தில் கிடைக்கும். 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் போடுங்கள். பட்டாவும் வரைபடமும் வருவாய்த்துறையின் இ-சேவைத் தளத்தில் இருக்கின்றன. அறிவிப்பில் 112/2 என்று இருந்து, பட்டாவில் 112/2ஏ, 112/2பி என்று பிரிந்திருந்தால், வங்கி விற்பது எந்தத் துண்டு என்பதை எழுத்தில் கேளுங்கள். அடுக்குமாடி வீடு என்றால் பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்று பாருங்கள். பல அறிவிப்புகளில் கட்டடப் பரப்பு மட்டும் பெரிதாக இருக்கும். வழிகாட்டி மதிப்புப் பட்டியலில் அந்த சர்வே எண்ணுக்குப் பூஜ்யம் என்று வந்தால் நின்றுவிடுங்கள். கோயில் நிலம், வக்ஃபு நிலம் என்று பதிவை நிறுத்தி வைத்த எண்ணாக இருக்கலாம்.

வில்லங்கம் சுத்தமாக இருந்தாலும் நிம்மதியடைய முடியாது. பதிவு செய்யாத உயில், வாய்மொழிக் குத்தகை, பாகப்பிரிவினை வழக்கு எதுவும் அதில் வராமல் போகலாம். எனவே கடன்காரர், ஜாமீன்தாரர் பெயர்களைப் போட்டு நீதிமன்ற வழக்கு விவரம் தரும் இ-கோர்ட்ஸ் தளத்திலும் கடன் வசூல் தீர்ப்பாயத்தின் தளத்திலும் தேடுங்கள். தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பாயம் சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் இருக்கிறது. வங்கியின் நடவடிக்கையை எதிர்த்து 45 நாட்களுக்குள் கடன்காரர் அங்கே போகலாம். பாக்கியைக் கட்டச் சொல்லி வங்கி முதலில் அனுப்பும் 13(2) நோட்டீஸ் தேதி, சொத்தைக் கைப்பற்றிய சுவாதீன அறிவிப்பு தேதி, விற்பனை அறிவிப்பு தேதி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். முதல் நோட்டீஸுக்கு 60 நாள் அவகாசம், விற்பனை அறிவிப்புக்கு 30 நாள் அவகாசம் தரப்பட்டிருக்க வேண்டும் (மறு ஏலத்துக்கு இது 15 நாள்). இதில் குறை இருந்தால் ஏலமே பிறகு ரத்தாகலாம்.

விற்பவர் வங்கிதானா என்பதையும் உறுதி செய்யுங்கள். அறிவிப்பில் இருக்கும் கைபேசி எண்ணை மட்டும் நம்பாமல், கிளையின் எண்ணை வங்கியின் தளத்தில் எடுத்து அழைத்து, அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி யார் என்று கேளுங்கள். ‘பேசி முடித்துத் தருகிறேன்’ என்று வரும் தரகர் கணக்குக்கு ஒரு ரூபாயும் போகக் கூடாது. முன்பணம் ஏலத் தளம் வழியாகவோ அறிவிப்பில் சொன்ன வங்கிக் கணக்கிலோ மட்டும்தான்.

பார்வையிட ஒதுக்கிய நாளில் அதிகாரியோடு போனால் உள்ளே பார்க்கலாம். இன்னொரு நாள் தனியாகவும் போய் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். பாதைத் தகராறு இருந்தால் தெருமுனைப் பெட்டிக்கடையில் தெரிந்துவிடும். மின் இணைப்பு எண்ணைக் குறித்து வந்து பாக்கியைப் பாருங்கள். பழைய உரிமையாளரின் மின் பாக்கியை விதிகளில் இடமிருந்தால் ஏலம் எடுத்தவரிடம் வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. சொத்து வரி, குடிநீர் வரி, சங்கப் பராமரிப்புப் பாக்கி எல்லாவற்றையும் கூட்டி உங்கள் உச்ச விலையிலிருந்து கழித்துவிடுங்கள். அறிவிப்பில் இருக்கும் ‘உள்ளது உள்ளபடி’ என்ற சொற்கள் இந்தப் பாக்கிகளை எல்லாம் உங்கள் தலையில் கட்டத்தான்.

பணக் கணக்கு இப்படி இருக்கும்: குறைந்தபட்ச விலை 40 லட்சம், முன்பணம் 10 சதவீதம் என்றால் 4 லட்சம். நீங்கள் 48 லட்சத்துக்கு எடுத்தால் அதில் கால் பங்கு 12 லட்சம். முன்பணம் போக மீதி 8 லட்சத்தை அன்றே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். எஞ்சிய 36 லட்சத்தை விற்பனை உறுதியான 15-ஆவது நாளுக்குள் கட்ட வேண்டும். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் மூன்று மாதம் வரை நீளும். தவறினால் கட்டியது போய்விடும். அப்படிப் பறிமுதல் செய்த 25 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுக் கடனை நம்பி இறங்குபவர்கள் ஏலத்துக்கு முன்பே ஒப்புதல் கடிதம் வாங்கிவிடுங்கள்; ஜெயித்த பிறகு மனுப் போட்டால் 15 நாளில் கடன் கைக்கு வருவது அரிது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் ஒரு சதவீதம் டிடிஎஸ் (விலையிலிருந்து பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டும் பொறுப்பும் வாங்குபவருக்குத்தான்.

ஏல நாளில் பதற்றம் வேண்டாம். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் பெரும்பாலான தளங்களில் நேரம் தானாக நீளும். ஆகவே கடைசி நொடியில் பாய்ந்து பிடிக்கும் தந்திரம் இங்கே எடுபடாது. உச்ச விலையை முதல்நாளே தாளில் எழுதி வையுங்கள். ஏற்றத் தொகை 50,000 என்றால் ஒரு சொடுக்கு 50,000. தொகைப் பெட்டியில் ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்துவிட்டால் திரும்பப் பெற வழி இருக்காது என்பதால், எண்ணை உரக்கப் படித்துவிட்டு பொத்தானை அழுத்துங்கள்.