டூப்ளிகேட் கீ எர்ரர்: பட்டியல் டேட்டாபேஸில் ஏற மறுத்தால்

எக்செல் கோப்பை சிஎஸ்வி ஆக்கி போஸ்ட்கிரெஸில் ஏற்றும்போது 23505 என்ற எண்ணோடு வேலை நின்றுவிடும். மைஎஸ்கியூஎல்லில் அதுவே 1062. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: பிரைமரி கீ போன்ற, மதிப்பு இரட்டிக்கக் கூடாத காலத்தில் (நெடுவரிசையில்) ஏற்கெனவே உள்ளே இருக்கும் மதிப்பு மறுபடியும் வருகிறது. பினாங்கில் எங்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைச் சேர்த்தபோது பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், ஜார்ஜ்டவுன் என மூன்று கிளைகளிலிருந்து மூன்று விதமான கோப்புகள் வந்தன. இந்த எர்ரர் வரக்கூடிய வழிகள் ஏறக்குறைய எல்லாமே அவற்றில் இருந்தன.

டேபிள் உருவாக்குவது, சிஎஸ்வி சேமிப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் போஸ்ட்கிரெஸ்தான் பயன்படுத்துகிறேன்.

முதல் வேலை: எர்ரரை முழுதாகப் படியுங்கள்

சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். எந்த மதிப்பு இரட்டிப்பானது, கோப்பின் எத்தனையாவது வரி என்று போஸ்ட்கிரெஸ் கீழேயே சொல்லிவிடும். ஆனால் அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் அடுத்த இரட்டிப்பில் நிற்கும், அப்புறம் அதற்கடுத்ததில். கோப்பை ஏற்றும் காப்பி கட்டளை ஒரு வரி தவறினாலும் மொத்தத்தையும் கைவிட்டுவிடும், எதுவும் ஏறியிருக்காது. இப்படி ஒவ்வொன்றாகத் துரத்தினால் விடிந்துவிடும்.

இரண்டாவது: தற்காலிக டேபிள்

எல்லாக் காலத்தையும் டெக்ஸ்ட் வகையாக வைத்து, கீ எதுவும் இல்லாமல் ஒரு டேபிள் உருவாக்கி, கோப்பை அப்படியே அதில் கொட்டுங்கள். எர்ரர் வர வாய்ப்பே குறைவு. பிறகு கீ ஆக வேண்டிய காலத்தை வைத்து குரூப் பை போட்டு, கவுண்ட் ஒன்றுக்கு மேல் உள்ளவற்றை ஹேவிங் கொண்டு எடுங்கள். சிக்கல் மொத்தமும் ஒரே திரையில் வந்துவிடும். இதற்கு டிபீவர் எனக்குப் பிடித்த கருவி. இலவசம், முடிவை வடிகட்டிப் பார்ப்பது சுலபம்.

மூன்றாவது: எந்த வகை இரட்டிப்பு?

இங்கே அவசரப்படாதீர்கள்.

ஒரே ஆள், ஒரே விவரம், இரண்டு கிளைகளில் பதிவு என்றால் கவலையே இல்லை, ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். வேறு வேறு ஆட்கள் ஒரே எண்ணில் இருந்தால், பெரும்பாலும் ‘பில்’ (வரிசை எண்) காலத்தைக் கீயாக்கியிருப்பீர்கள். நம் ஊர்ப் பட்டியல்களில் முதல் காலம் பில்தானே, ஒவ்வொரு கிளையும் 1இலிருந்து தொடங்கும். அதை விட்டுவிட்டு டேபிளே தானாக எண் கொடுக்கட்டும்.

மூன்றாவது வகைதான் ஆளைச் சுற்றவிடும். ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண் காலத்தைப் பார்த்தால் பலருக்கு 8.50101ஈ+11 என்று இருக்கும். ஐசி 12 இலக்கம். கோடு போடாமல் அடித்த எண் 11 இலக்கத்தைத் தாண்டினால் எக்செல் அதைச் சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதைத்தான் எழுதும். மிஞ்சுவது முதல் ஆறு இலக்கம். ஐசியில் அந்த ஆறு இலக்கம் என்ன? பிறந்த தேதி! ஆக 1985 ஜனவரி 1 அன்று பினாங்கில் பிறந்தவரும் கோலாலம்பூரில் பிறந்தவரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். 07 (பினாங்கு), 14 (கோலாலம்பூர்) என்று அவர்களைப் பிரித்துக் காட்டும் இலக்கங்கள் போயே போச்சு.

2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளுக்கு வேறு கதை. அவர்கள் ஐசி பூஜ்யத்தில் தொடங்குவதால், எக்செல் முன்னால் உள்ள பூஜ்யங்களை விழுங்கிவிடும். 11 இலக்கமோ அதற்கும் குறைவோ ஆகிவிடுவதால் சுருங்காமல் நல்ல பிள்ளை போல் நிற்கும், கண்ணில் படாது.

மருந்து ஒன்றுதான். மூல எக்செல் கோப்பில் முழு எண் இன்னும் பத்திரமாக இருக்கும். அதைத் திறந்து, அந்தக் காலத்தின் ஃபார்மட்டை கஸ்டமாக மாற்றி, பன்னிரண்டு பூஜ்யம் அடித்துவிட்டு சிஎஸ்வியாகச் சேமியுங்கள். சுருக்கமும் போகும், தொலைந்த பூஜ்யமும் திரும்பும். சிஎஸ்வி மட்டும்தான் கையில் இருக்கிறது, அதில் ஈ+11 இருக்கிறது என்றால் அதிலிருந்து மீட்க வழியில்லை. கிளைச் செயலாளரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். சிஎஸ்வியைத் திறந்து பார்க்க எக்செல் வேண்டாம். லிப்ரே ஆஃபிஸ் திறக்கும்போதே காலத்தின் வகையைக் கேட்கும், டெக்ஸ்ட் என்று சொல்லிவிடலாம்.

கோடு போட்ட ஐசியும் கோடில்லாத ஐசியும் டேட்டாபேஸுக்கு வேறு வேறு. எர்ரரே வராமல் ஒருவர் இரண்டு தடவை ஏறிவிடுவார். அதனால் குரூப் பை போடும் முன் கோடு, இடைவெளி எல்லாவற்றையும் ரிப்ளேஸ் கொண்டு நீக்கிவிடுங்கள்.

நான்காவது: உண்மையான டேபிளுக்கு மாற்றுவது

டிஸ்டிங்க்ட் ஆன் போட்டு, ஒவ்வொரு ஐசிக்கும் கடைசியாகத் திருத்திய வரியை மட்டும் எடுத்து இன்சர்ட் செய்யுங்கள். ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்’ (இரட்டிப்பு வந்தால் அந்த வரியை விட்டுவிடு) சேர்த்தால் எர்ரர் வராது, உண்மை. ஆனால் மேலே சொன்ன ஈ+11 கோப்பில் அதைப் போட்டால் ஒரே நாளில் பிறந்தவர்களில் ஒருவர் மட்டும் தங்கி, மற்றவர்கள் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள். மைஎஸ்கியூஎல்லின் இன்சர்ட் இக்னோர் இன்னும் மோசம், மற்றத் தவறுகளையும் வெறும் எச்சரிக்கையாக்கிவிடும். இரட்டிப்பு ஏன் வந்தது என்று தெரிந்த பிறகு மட்டும் இவற்றைத் தொடுங்கள்.

பின்சேர்க்கை: செந்தூலிலிருந்து ஒரு வாசகர் கேட்டார். பட்டியல் முழுதும் ஏறிவிட்டது, மறுநாள் படிவம் வழியாகப் புதிய உறுப்பினரைச் சேர்த்தால் அதே 23505. கோப்பிலேயே ஐடி எண் இருந்து அதையும் சேர்த்து ஏற்றினால் இப்படித்தான் ஆகும். அடுத்த ஐடி எண்ணைத் தரும் போஸ்ட்கிரெஸின் சீக்வென்ஸ் இன்னும் 1இலேயே நிற்கிறது. செட்வால் கட்டளையால் அதை டேபிளில் உள்ள மிகப் பெரிய ஐடிக்கு நகர்த்துங்கள். பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தாலும் ஒரு கட்டத்தில் ஏறிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு தோல்வியிலும் எண் ஒன்று கூடுகிறது! மைஎஸ்கியூஎல்லில் இந்தத் தொல்லை இல்லை, தானே நகர்த்திக்கொள்ளும்.

இன்னொருவருக்கு மைஎஸ்கியூஎல்லில் 2147483647 என்ற எண் இரட்டிப்பு என்று வந்திருக்கிறது, கோப்பில் அப்படி ஓர் எண்ணே இல்லையாம். கைப்பேசி எண்ணைக் கீயாக்கி, காலத்தை இன்ட் (முழு எண்) வகையாக வைத்திருக்கிறார். இன்ட் தாங்கும் உச்சமே அதுதான். 60இல் தொடங்கும் நம் எண்கள் அதைத் தாண்டுவதால், ஸ்ட்ரிக்ட் மோட் (பொருந்தாத மதிப்பை ஏற்க மறுக்கும் அமைப்பு) இல்லாத சர்வரில் எல்லாமே அந்த உச்சத்தில் போய் முட்டும். காலத்தை வார்சார் (எழுத்து) வகை ஆக்குங்கள், ஸ்ட்ரிக்ட் மோடையும் போட்டுவிடுங்கள்.