ஷிம்மைக் கழற்றியதும் சரியானது

என் பழைய மாருதி ஜிப்சியில், இன்ஜின் வால்வுகளை வழக்கத்தைவிட அதிகமாகத் திறக்கும், அதாவது லிஃப்ட் கூடுதலான கேம்ஷாஃப்ட் போட்டிருந்தேன். 6,000 ஆர்பிஎம் தாண்டினால் பவர் படுத்துவிடும், படபடவென்று மிஸ்ஸிங். பழைய ஸ்பிரிங்குக்கு அந்த வேகத்தில் வால்வை மூடத் தெம்பில்லை. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கெட்டியான ஸ்பிரிங் வாங்கி, அடியில் ஷிம் என்ற மெல்லிய வளையமும் கொடுத்து மாட்டினேன்.

ஸ்டார்ட் செய்யும் முன் அல்சூர் மெக்கானிக் அண்ணன் தடுத்தார்: “ஏன் தம்பி, அளந்தியா?”

அளக்கவில்லை.

மிச்சமிருந்த ஸ்பிரிங்கை வைஸில் வைத்து, சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டும்வரை நெருக்கினோம். வெர்னியர் 26.4 மி.மீ. காட்டியது. இன்ஜினில் மாட்டிய ஸ்பிரிங்கின் உயரம் 36, வால்வு இறங்குவது 9. ஆக, முழுதாகத் திறக்கையில் 27. மிச்சம் வெறும் 0.6! சுற்றுகள் முட்டாமலிருக்க ஒன்றரையாவது வேண்டும். 1 மி.மீ. ஷிம்மை எடுத்ததும் 1.6 கிடைத்தது. அழுத்தம் கொஞ்சம் குறையும்தான், ஆனால் ஸ்பிரிங் கெட்டி என்பதால் கவலையில்லை. அளவுக்கு மீறி அழுத்தினால் கேம்தான் தேயும்.

ஸ்பிரிங்கை மேலே பிடிக்கும் ரிடெய்னர் தட்டு வால்வு சீலில் இடிக்கிறதா என்றும் பார்த்தோம். இடிக்கவில்லை. அந்தத் தட்டை வால்வோடு பூட்டும் பழைய லாக்குகளில் தழும்பு தெரிந்தது, எட்டு வால்வுக்கும் புதிதாகவே போட்டேன். அது கழன்றால் வால்வு பிஸ்டன் மேல் விழும். அதில் போய்க் காசு மிச்சம் பிடிப்பார்களா?

இப்போது 6,800 வரை தடங்கலில்லாமல் ஏறுகிறது.